ரெண்டு விரல் சார்

என் அண்ணனைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் நினைவுக்கு வருவது அவர் முகம் அல்ல, விரல்கள். அப்பா வழியில் எங்கள் இருவருக்கும் வந்த ஒரே சொத்து அது. ஒவ்வொரு விரலும் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்தது போல இருக்கும். கல்யாண மோதிரம் வாங்கப் போனபோது கடைக்காரர் அளவு வளையங்களை ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தாராம். எல்லாம் முட்டியிலேயே நின்றுவிட்டன. "சார், இதுக்கு மேலன்னா வளையல் பக்கம்தான் போய்ப் பாக்கணும்" என்றாராம். அண்ணி அதைக் கல்யாணத்திலிருந்து சொல்லிச் சிரித்துக்கொண்டே இருந்தார். என் கைக்கும் அதே கதிதான். கைப்பேசியில் ஓர் எழுத்தைத் தொட்டால் அக்கம்பக்கத்து எழுத்துகளும் துணைக்கு வந்துவிடும்.

அண்ணன் போய் ஒரு மாதம் ஆகிறது. இப்போது வீட்டில் அவரைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். அவர் இருந்த காலத்தில் யாரும் அவரைப் பற்றிச் சிரிக்காமல் பேசியது கிடையாது. அதனால் இந்தத் தாழ்ந்த குரல் எனக்கு வேறு யாரையோ பற்றியது போலக் கேட்கிறது.

அவர் ஓர் ஆண்கள் உயர்நிலைப் பள்ளியில் புவியியல் ஆசிரியர். நான் அதே பள்ளியில் அலுவலக எழுத்தர். காலையில் இருவரும் ஒரே ஸ்கூட்டரில் போவோம். பள்ளி கேட் வரைக்கும் நான் "பாப்பா". கேட்டைத் தாண்டியதும் "கிளார்க் மேடம்". நாற்பதைத் தாண்டிய எனக்கு முன்னது பொருந்தாது என்று பலமுறை சொல்லிப் பார்த்தேன். அவர் காதில் விழவில்லை.

புவியியல் ஆசிரியர் என்றேனே தவிர, அவரிடம் படித்த எவனுக்கும் ஒரு மலைத்தொடரின் பெயராவது நினைவிருக்குமா என்பது சந்தேகம். அவருடைய உண்மையான வேலை ஒழுங்கு. சட்டை உள்ளே இருக்க வேண்டும். படிக்கட்டில் இடது பக்கமாக ஏற வேண்டும். வராந்தாவில் ஓடக் கூடாது. ஆபத்து என்றால் வேகமாக நடக்கலாம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பையன்கள் அவர் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் கரும்பலகையில் நதிகளை வரைந்து திரும்புவதற்குள் பாதி வகுப்பு ஜன்னல் வழியாக விளையாட்டு மைதானத்துக்குப் போயிருக்கும். அப்போதிருந்த தலைமையாசிரியர், "ஆளு வாட்டசாட்டமா இருக்கீங்க, ஒழுங்கப் பாத்துக்கோங்க. அப்பவாவது பசங்க பயப்படறாங்களா பாப்போம்" என்று பொறுப்பைத் தலையில் கட்டினார்.

பயப்பட்டார்கள், அல்லது அப்படித்தான் அண்ணன் நம்பினார். பையன்கள் தனக்குப் பயப்படுகிறார்கள் என்பதைத் தவிர வாழ்க்கையில் வேறு எதைப் பற்றியும் அவர் பெருமைப்பட்டு நான் பார்த்ததில்லை. அதற்காக உழைக்கவும் செய்தார். தினமும் சவரம் செய்யும்போது கண்ணாடி முன்னால் இடது புருவத்தை மட்டும் உயர்த்திப் பழகுவார். அண்ணி குளியலறைக் கதவைத் தட்டி, "யார மிரட்டிட்டு இருக்கீங்க? தண்ணி நின்னுரும், சீக்கிரம் வாங்க" என்பார்.

அவர் யாரையும் அடித்ததில்லை. அடிக்கத் தேவைப்படவில்லை என்பார்.

பள்ளி வராந்தாவில் விதிகளைப் பெயிண்டில் எழுதியிருப்பார்கள். அதில் ஐந்தாவது: "தலைமுடி இரண்டு விரலுக்கு மேல் இருக்கக் கூடாது." திங்கட்கிழமை காலைக் கூட்டம் முடிந்ததும் சோதனை நடக்கும். அண்ணன், கணக்கு சார், நூலகர் என்று மூன்று பேர் நிற்பார்கள். பையன்கள் மூன்று வரிசையாக வருவார்கள். ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் ஒட்டி வைத்து, பையன் தலையில் பக்கவாட்டாக நிறுத்திப் பார்க்க வேண்டும். அந்த இரண்டு விரல் அகலத்தைத் தாண்டி முடி எட்டிப் பார்த்தால் அவன் எதிரில் இருக்கும் சலூனுக்குப் போய் வெட்டிக்கொண்டுதான் வகுப்புக்கு வர வேண்டும். அதனால்தான் அண்ணனுக்கு 'ரெண்டு விரல் சார்' என்று பெயர். எந்தக் காலத்திலோ எவனோ வைத்தது. அப்படியே நிலைத்துவிட்டது. பெற்றோர்கள்கூட அலுவலக ஜன்னலில் வந்து, "ரெண்டு விரல் சாரைப் பாக்கணும்" என்றுதான் கேட்பார்கள்.

என் ஜன்னலிலிருந்து பார்த்தால் மூன்று வரிசையும் தெரியும். கணக்கு சார் முன்னால் நாலு பேர், நூலகர் முன்னால் ஏழெட்டுப் பேர். அண்ணன் வரிசை மட்டும் மேடையில் தொடங்கி, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டு, சைக்கிள் நிறுத்தும் இடம் வரைக்கும் போகும். திரும்பும் வழியில் ஸ்கூட்டரில் அதே பேச்சுதான்.

"பாத்தியா பாப்பா? அவ்வளவு பயம் இருந்தும் என்கிட்டதான் வந்து நிக்கறானுங்க. ஏன்னு நெனைக்கற?"

"ஏன்?"

"கண்டிப்பான ஆளு நியாயமா இருப்பான்னு பசங்களுக்குத் தெரியும்."

நானும் அப்படித்தான் நம்பினேன்.

ஒரு வருடம் புதிதாக ஒரு தலைமையாசிரியை வந்தார். எதற்கும் காரணம் கேட்கிறவர். அவர் வந்த சில வாரங்களில், ஒரு செவ்வாய்க்கிழமை, வக்கீல் ஒருவர் தன் இரட்டைப் பிள்ளைகளை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு அலுவலகத்துக்குள் வந்தார். முகம், மூக்கு, காது எல்லாம் அச்சு. ஒருவன் தலையில் மட்டும் முடி ஒட்ட வெட்டியிருந்தது.

"மேடம், இவங்க ஒரே நாள்ல பொறந்தவங்க. ஒரே கடைல, ஒரே நாள்ல, ஒரே ஆள்கிட்ட முடி வெட்டிக்கிட்டவங்க. நேத்து காலைல ஒருத்தன் ரெண்டு விரல் சார் வரிசைல நின்னான். பாஸ். இன்னொருத்தன் கணக்கு சார் வரிசைல நின்னான். ஃபெயில். எப்படி?"

தலைமையாசிரியை இரண்டு தலைகளையும் மாறி மாறிப் பார்த்தார். "விதில ரெண்டு விரல்னு தெளிவா இருக்கே, சார்."

"இருக்கு. யாரோட விரல்?"

வராந்தாச் சுவரில் இத்தனை வருடமாக எழுதியிருந்த விதியைப் பற்றி யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. ஒட்ட வெட்டப்பட்ட இரட்டையன் மட்டும் தலையைத் தடவிக்கொண்டு, "அதத்தான் நானும் வீட்ல சொன்னேன்" என்றான்.

அன்று மாலையே ஆசிரியர் கூட்டம். என்ன பேசினார்கள் என்று குறிப்பெடுக்க நானும் உட்கார்ந்திருந்தேன். தலைமையாசிரியை எல்லோரையும் வலது கையை மேசைமேல் வைக்கச் சொன்னார். மரவேலை வாத்தியார் தன் அளவுகோலோடு மேசையைச் சுற்றி வந்தார். அவருக்கு அதில் பெரிய சந்தோஷம். பள்ளியில் யாரும் அவரைக் கூட்டத்தில் பேசவே விடுவதில்லை. கணக்கு சாருடைய விரல்கள் நன்றாகச் சீவிய பென்சில் மாதிரி. நூலகருடையது சுமார். அண்ணன் கைக்கு வந்ததும் அளவுகோலை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தார்.

"என்ன சார், நம்ப முடியலியா?" என்றார் தலைமையாசிரியை.

"இல்ல மேடம், கணக்கு சாரோட மூணு விரல சேத்தாதான் இவரோட ரெண்டு வருது."

கணக்கு சார் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அப்ப அதான் விஷயம். மொத்த ஸ்கூலும் ஏன் அவரு வரிசைல போய் நிக்குதுன்னு நானும் ரொம்ப நாளா யோசிச்சுட்டிருந்தேன். நம்ம ஸ்கூல்லயே ஈஸியான வரிசை அதுதான்."

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை; அண்ணனோடு சேர்ந்து டீ குடிக்கிறவர்கள்தான். அண்ணனும் சிரிக்கப் பார்த்தார். இடது புருவம் மட்டும் பழக்கதோஷத்தில் மேலே போய், அங்கேயே என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது. பிறகு மேசைமேல் இருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அன்று மாலை ஸ்கூட்டரில் திரும்பினோம். வழக்கமாக வழியில் ஒழுங்காக நிறுத்தாத ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு விமரிசனம் உண்டு. அன்று ஒரு லாரி நடுரோட்டில் குறுக்கே நின்றிருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு பேசாமல் வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து நாங்கள் உள்ளே போனதும் அண்ணி வாசலைப் பார்த்துவிட்டு என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போனார். "அவரு செருப்பப் பாத்தியா? எப்பவும் நேரா விடறவரு, இன்னைக்கி ஒண்ணு இந்தப் பக்கம் பாக்குது, இன்னொண்ணு அந்தப் பக்கம் பாக்குது. என்ன ஆச்சு? நெஞ்சு வலின்னு ஏதாவது சொன்னாரா?"

நான் நடந்ததைச் சொன்னேன். அண்ணிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, டீயை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார்.

அண்ணன் தன் இரண்டு விரல்களையும் முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தன வருஷமா எனக்கு பயப்படறானுங்கன்னு நெனச்சிட்டு இருந்தேன். இளிச்சவாயன்னு நெனச்சுத்தான் வந்திருக்கானுங்க."

"உங்களுக்கு யாருங்க பயந்தா? நானே ஒரு நாளும் பயந்ததில்ல."

"அண்ணி, கொஞ்சம் சும்மா இருங்களேன்."

"நான் என்ன சொன்னேன்? ஆறுதலாத்தான சொன்னேன்."

"நாளைக்கே மேடம்கிட்ட சொல்லிடறேன்" என்றார் அண்ணன். "ஒழுங்கு வேலையே வேணாம். பயப்படாத பசங்க முன்னால போய் நின்னு புருவத்தத் தூக்கிட்டு நிக்கறதுக்கு நான் என்ன கோமாளியா?"

சொன்னபடியே சொல்லிவிட்டார். தலைமையாசிரியை எவ்வளவோ கேட்டும் காரணம் சொல்லவில்லை. இதற்கிடையில் விதிக்கு ஓர் அளவு வேண்டுமென்று, இரண்டு விரல்களின் சராசரி அகலத்தில் ஒரு மரக்கட்டை செய்ய முடிவானது. சராசரி போட்டவர் கணக்கு சார். எல்லோருடைய விரலையும் கூட்டினார், அண்ணனுடையதைத் தவிர. கேட்டதற்கு, "ரொம்ப விலகி நிக்கற அளவ விட்டுட்டுதான் சராசரி போடணும். பாடத்துலயே இருக்கு" என்றார். மரவேலை வாத்தியார் கட்டையை இழைத்து, மெருகேற்றி, ஒரு துளை போட்டுக் கயிறும் கட்டிக் கொடுத்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அகலத்தில் தீப்பெட்டியை விடக் கொஞ்சம் மெலிந்திருந்தது.

அடுத்த திங்கட்கிழமை ஒரே வரிசை. கணக்கு சார் கட்டையும் கையுமாக நின்றார். அண்ணன் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பது போல மேகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கணக்கு சார் கட்டையை வைத்தார், எடுத்தார், "சலூன்" என்றார். அடுத்தவனுக்கும் "சலூன்". போன வாரம் வெட்டியவனும் சலூன், நேற்று வெட்டியவனும் சலூன். கேட் வழியாகப் பையன்கள் கல்யாணத்துக்குப் போவது போல அணியணியாகப் போனார்கள்.

இரண்டாவது பீரியடில் பத்தாம் வகுப்பில் ஒரே ஒரு பையன் இருந்தான். அவனுக்கு அம்மை வந்து மொட்டை போட்டிருந்தார்கள். ஆசிரியை அவனுக்கு மட்டும் பாடம் நடத்தலாமா என்று கேட்க என்னிடம் வந்தார். அவருக்கு நான் என்ன பதில் சொல்வதென்று யோசித்துக்கொண்டிருந்தபோது சலூன்காரர் உள்ளே வந்தார். தோளில் துண்டு, கையில் கத்தரி. அவருக்குப் பின்னால் கழுத்தில் வெள்ளைத் துணி கட்டிய ஒரு பையன். அவன் தலையில் வலது பக்கம் மட்டும் வெட்டியிருந்தது.

"மேடத்தப் பாக்கணும்."

தலைமையாசிரியை வெளியே வந்தார்.

"மேடம், என் கடைல நாற்காலி ரெண்டு, ஆளு நான் ஒருத்தன். வரிசை தெருமுனை வரைக்கும் போகுது. பாதி வெட்டு வெட்டிட்டு ஓடியாந்திருக்கேன். இத்தன வருஷமா ரெண்டு விரல் சாரு அனுப்புவாரு, வாரத்துக்கு நாலு பசங்க, அஞ்சு பசங்க. நானும் நிதானமா வெட்டி அனுப்புவேன். இன்னைக்கி என்ன, பட்டாளத்துக்கு ஆள் எடுக்கறீங்களா?"

"மீதிய எப்ப சார் வெட்டுவீங்க?" என்றான் பாதித் தலைப் பையன்.

"நீ இருடா."

தலைமையாசிரியை அந்தப் பையனின் தலையை நெடுநேரம் பார்த்தார். கட்டையைக் கொண்டுவரச் சொல்லி அதையும் பார்த்தார். "கிளார்க் மேடம், உங்க அண்ணனக் கூப்பிடுங்க" என்றார்.

அண்ணன் இன்னும் தண்ணீர்த் தொட்டியருகில்தான் இருந்தார். அவர் முன்னால் வக்கீலின் பிள்ளைகளில் ஒருவன் நின்றிருந்தான். முடி ஒட்ட வெட்டப்பட்டவன். மொட்டைப் பையனுக்கு அடுத்து அந்தக் கட்டைக்குத் தப்பியவன் அவன் ஒருவன்தான். தண்ணீர் குடிக்க வந்தவனை அண்ணன் பிடித்து வைத்திருந்தார். பேச்சு பாதியில் இருந்ததால் நான் தள்ளியே நின்றேன்.

"உங்கண்ணன் மட்டும் என் வரிசைக்கு வந்தான். நீ ஏன்டா அன்னைக்கி வரல?"

"நானும் உங்க வரிசைக்குத்தான் சார் வந்தேன். அதுக்குள்ள பெல் அடிச்சிரும்னு கணக்கு சார் இழுத்து நிக்க வெச்சுட்டாரு."

"என் வரிசைக்கு ஏன் வந்த? விரல் பெருசுன்னுதான?"

பையன் செருப்பைப் பார்த்தான். "ஆமா சார்."

"வேற ஒண்ணுமே இல்லியா?"

அவன் உண்மையாகவே யோசித்தான். "கணக்கு சார் முடியப் புடிச்சு இழுத்து இழுத்துப் பாப்பாரு சார். வலிக்கும். நீங்க சும்மா வெச்சுட்டு எடுத்துருவீங்க. தூக்கம் வர்ற மாதிரி இருக்கும்."

"தூக்கமா? ஏன்டா, என்னப் பாத்தா உங்களுக்கு பயமே இல்லியா?"

"இருக்கு சார்."

"எனக்காகச் சொல்லாத."

"இல்ல சார், நெஜமா. தலைக்குதான் பயம் இல்ல. சட்ட வெளிய இருந்தா பயம்."

அண்ணன் அவன் சட்டையைப் பார்த்தார். பின்பக்கம் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு வாரமாகப் படுத்திருந்த இடது புருவம் மெதுவாக எழுந்தது.

"இப்ப?"

"இப்ப பயமா இருக்கு சார்" என்று அவசர அவசரமாகச் சட்டையை உள்ளே திணித்தான். திணித்த வேகத்தில் ஓட ஆரம்பித்து, வராந்தா வந்ததும் நினைவு வந்தவனாக வேகமாக நடந்தான்.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "பாத்தியா பாப்பா?" என்றார். பள்ளிக்குள் அவர் என்னை அப்படிக் கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான்.

தலைமையாசிரியை சுற்றி வளைக்கவில்லை. "சார், உங்க விரல் அளவுக்கு ஒரு கட்ட செய்யலாம்னு இருக்கேன். இனிமே ஸ்கூலுக்கு அதுதான் அளவு."

"அது ரொம்ப ஈஸின்னு சொல்றாங்களே மேடம்."

"ஈஸியா இருந்தாதான் பசங்க கிளாஸ்ல இருக்காங்க. ஆனா ஒண்ணு, நீங்களும் மேடைக்குத் திரும்பி வரணும்."

அண்ணன் யோசிப்பது போல நடித்தார். அரை நிமிடம் கூட அவரால் நடிக்க முடியவில்லை. மரவேலை வாத்தியார் வந்து அளவெடுத்தபோது, ஆஸ்பத்திரியில் ஊசிக்குக் கை நீட்டுகிறவர் போல விறைப்பாக நீட்டினார். தடித்த கட்டை இரண்டு தயாராகி, கணக்கு சாருக்கும் நூலகருக்கும் ஆளுக்கொன்று கிடைத்தது. அண்ணன் கட்டையைத் தொடவே இல்லை. "எனக்கெதுக்கு அது? நகலு" என்றார். மூன்று வரிசையும் ஒரே அளவான பிறகும், தண்ணீர்த் தொட்டியைச் சுற்றியது அவர் வரிசை மட்டும்தான். கணக்கு சார் கடைசி வரைக்கும் அதற்குக் கணக்கு கண்டுபிடிக்கவில்லை. அளவெடுத்த அன்று வீட்டுக்கு வந்ததும் அண்ணி முதலில் பார்த்தது வாசலை. செருப்புகள் நேராக இருந்தன. "ம், சரியாயிருச்சு" என்று உள்ளே போய்விட்டார்.

அதன் பிறகு அவர் ஓய்வு பெற்றார். மேடை இல்லாததால் வீட்டில் எங்கள் இருவரையும் மேய்த்தார். பற்பசையைக் கடைசியிலிருந்துதான் பிதுக்க வேண்டும், விளக்கை அணைத்துவிட்டு அணைந்ததா என்று திரும்பிப் பார்க்க வேண்டும். அப்படியே இருந்துகொண்டிருந்தவர் நெஞ்சு வலியில் போய்விட்டார். இந்த முறை செருப்பு நேராகத்தான் இருந்தது. அதனால் எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

அன்று பழைய மாணவர்கள் நிறையப் பேர் வந்தார்கள். முடி நரைத்தவர்கள், முடியே இல்லாதவர்கள். ஒரு பெரிய மனிதர் காரிலிருந்து இறங்கி, வாசல் வரை வந்து, நின்று, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு நுழைந்தார். பாதிப் பேர் போகும் வரை அண்ணி வாசலைப் பார்க்கவில்லை. பிறகு பார்த்தபோது, கிளம்பாமல் மிச்சமிருந்தவர்களின் செருப்புகள் சுவரோரமாக ஒரே கோட்டில் இருந்தன. யாரும் யாருக்கும் சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மரவேலை வாத்தியார் வீட்டுக்கு வந்தார். அவரும் இப்போது ஓய்வுக்கு நெருங்கிவிட்டார். டீ குடித்தார், மழையைப் பற்றிப் பேசினார், அண்ணன் படத்தைப் பார்த்தார். கடைசியில் பையிலிருந்து அந்தக் கட்டைகளில் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். பல வருடத்துத் தலை எண்ணெயில் கறுத்துப் பளபளவென்று இருந்தது. துளை இருந்த இடத்தில் விரிசல்.

"இன்னொண்ணு எப்பவோ தொலைஞ்சு போச்சு. இதுவும் உடையப் போகுது. தேஞ்சும் போயிருக்கு, இதிலேருந்து அளவெடுக்க முடியாது. பசங்க இப்பவே மொணங்கறாங்க, கட்ட இளைச்சுப் போச்சுன்னு." சட்டைப் பையிலிருந்து அளவுகோலை எடுத்து வைத்துக்கொண்டு, கேட்கத் தயங்கி என் கையைப் பார்த்தார்.

எனக்குப் புரிந்தது. ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் ஒட்டி மேசைமேல் வைத்தேன். சமையலறையிலிருந்து வந்த அண்ணி அதைப் பார்த்து அப்படியே நின்றார்.

"அளவுகோல்ல அடங்கலேன்னா வளையல் பக்கம் போய்ப் பாருங்க" என்றார்.

ஒரு மாதமாக அந்தக் குரல் எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை. மூன்று பேரும் சிரித்தோம். அண்ணி கொஞ்சம் அதிகமாகச் சிரித்து, முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மரவேலை வாத்தியார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து அளந்தார். "சாரோட கைக்கு ஒரு நூலளவு கம்மி" என்றார்.

"அத கூட்டிப் போட்டுருங்க சார்" என்றேன். "பசங்க கண்டுபுடிச்சிருவாங்க."